சிறு ரப்பர் படகும் எஞ்சினும்: ஒன்ராறியோ ஏரிகளில் குடும்பமாகப் படகோட்டத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை நெருங்கும்போதே தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "அண்ணை, ரப்பர் போட் ஒன்று வாங்கப் போறம். எத்தனை குதிரைவலு எஞ்சின் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "தனியாளாக எத்தனை கிலோ தூக்குவீங்கள்? வானுக்குப் பின்னால எவ்வளவு இடம் இருக்கு?"

ரொறன்ரோவில் அடுக்குமாடியிலோ சிறிய வீட்டிலோ இருந்துகொண்டு, ட்ரெய்லர் இல்லாமல் ஏரிக்குப் போய்வர நினைக்கும் குடும்பத்துக்கு எந்தப் படகு சரிவரும் என்பதை நிறைதான் தீர்மானிக்கிறது. நாங்கள் முதலில் வாங்கியது 3.6 மீற்றர் நீளப் படகு. அலுமினியத் தளம், பழைய 15 குதிரைவலு எஞ்சின். வாங்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏரிக்கரையில் இறக்கி, பலகைகளைப் பொருத்தி, காற்றடித்து, எஞ்சினைத் தூக்கி மாட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பிள்ளைகள் அதற்குள் களைத்துப்போய் அழுதார்கள். அந்தக் கோடை முழுவதும் இரண்டே தடவைதான் தண்ணீரில் இறங்கினோம். அடுத்த வருடம் அதை விற்றுவிட்டு, 3.1 மீற்றர் காற்றுத் தளப் படகும் 6 குதிரைவலு எஞ்சினும் வாங்கினோம். இப்போது ஒரு கோடையில் பத்துப் பன்னிரண்டு தடவை போகிறோம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது படகில் கற்றது.

முதற்படி: ஏரியைத் தெரிவு செய்யுங்கள்

படகுக் கடைக்குப் போகுமுன் எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். ரப்பர் படகு இலேசானது, தண்ணீருக்கு மேலேயே நிற்பது. அதனால் காற்று அதை இலை போலத் தள்ளும்.

சிம்கோ ஏரி பரப்பளவில் ஏறக்குறைய 722 சதுர கிலோமீற்றர். காலையில் கண்ணாடி போலக் கிடந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு குட்டையான, செங்குத்தான அலைகளை எழுப்பும். தெற்கே குக்ஸ் குடாவுக்குள் கரையை ஒட்டி ஓடலாம். ஏரியின் நடுவுக்குப் போவது முதல் வருடத்துக்கு உரிய வேலை அல்ல. கவார்த்தா பக்கத்துச் சிறிய ஏரிகளும், அவற்றில் தீவுகளுக்குப் பின்னால் ஒதுங்கிய மூலைகளும் தொடங்குவோருக்கு மிக நல்லவை. ஒன்ராறியோ ஏரியைப் பொறுத்தவரை, பிக்கரிங்கில் உள்ள ஃபிரெஞ்ச்மன்ஸ் குடா போன்ற மூடிய இடத்துக்குள் ஓடிப் பழகலாம். வாய்க்காலைத் தாண்டித் திறந்த ஏரிக்குள் போகாதீர்கள். கோடையிலும் காற்று மாறினால் அங்கே தண்ணீர் ஒரே நாளில் குளிர்ந்துவிடும்.

ரைஸ் ஏரியைப் பலருக்குப் பிடிக்கும். மீன் அதிகம், ஆழம் குறைவு. ஆனால் 1854இல் கோபேர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ரயில் ஓட்டுவதற்காக இந்த ஏரியின் குறுக்கே ஒரு பாதை போட்டார்கள். சில வருடங்களுக்குள்ளேயே பனிக்கட்டி அதைச் சிதைத்துவிட்டது. அதன் மிச்சம் ஹார்வூட் பக்கத்தில் இன்றும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. வரைபடத்தையும் மிதவைகளையும் பார்க்காமல் ஓடினால் எஞ்சினின் விசிறி அதில்தான் அடிபடும். எந்த ஏரிக்குப் போனாலும் ஆழ வரைபடத்தை முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது: தலைக்கணக்கும் நிறைக்கணக்கும்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். அப்பா 75 கிலோ, அம்மா 65, பிள்ளைகள் 35, 25. மொத்தம் 200. எஞ்சின் 26. நிரம்பிய 12 லீற்றர் பெற்றோல் தாங்கி 12 கிலோவரை. நங்கூரம், தண்ணீர், சாப்பாட்டுப் பெட்டி, மற்றச் சாமான்கள் என்று இன்னொரு 25. ஆக 263 கிலோவை எட்டுகிறது. படகின் பின்பலகையிலோ உட்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று மூன்று எண்கள் இருக்கும். உங்கள் கணக்கு அந்தக் கிலோ எண்ணில் முக்கால் பங்குக்குள் அடங்கினால் நல்லது. தகடே இல்லாத படகை வாங்க வேண்டாம்.

தகட்டில் நான்கு பேர் என்று போட்டிருந்தாலும் நான்கு பேர் வசதியாக இருக்கலாம் என்று பொருளல்ல. வெளி அகலம் 1.55 மீற்றர் உள்ள படகில் இரு பக்கக் குழாய்களும் 42 சென்ரிமீற்றர் விட்டமானவை என்றால், உள்ளே கால் வைக்க மிஞ்சுவது 71 சென்ரிமீற்றர்தான். 2.7 மீற்றர் படகில் நான்கு பேர் இருந்தால் முழங்கால்கள் முட்டும். இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் என்றால் 3.1 முதல் 3.3 மீற்றர் சரியான அளவு. ஊரிலிருந்து அம்மம்மாவும் வந்து ஏறுவார் என்றால் 3.3க்குப் போங்கள், அல்லது இரண்டு சுற்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு சுற்று ஓடுவது நல்ல வழி. பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

மூன்றாவது: தளம்

கடைக்காரர் நிறத்தையும் இருக்கையையும் காட்டுவார். நீங்கள் தளத்தைப் பாருங்கள்.

கட்டைத் தளம் என்பது துணி அடிக்குக் குறுக்கே மரச் சட்டங்கள் போட்டது. சுருட்டி வைக்கலாம், விலை குறைவு. ஆனால் நடக்கும்போது கால் அமிழும், படகு அலைக்கு வளைந்துகொடுக்கும். 2.5 குதிரைவலுவோடு மெதுவாக மீன்பிடிக்கப் போகும் இரண்டு பேருக்குப் போதும்.

அலுமினியத் தளம் வீட்டுத் தரை போல உறுதியானது. மீன் தூண்டிலோ கத்தியோ விழுந்தாலும் பயமில்லை. ஆனால் 3.1 மீற்றர் அளவிலேயே முழுப் படகும் 55, 60 கிலோவுக்கு வந்துவிடும். பலகைகளைப் பொருத்தும்போது விரல் நசுங்கும். ட்ரெய்லரில் காற்றோடு வைத்தே கொண்டுபோகிறவர்களுக்கு இதுதான் சிறந்தது.

காற்றுத் தளத்தின் மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் இருக்கும். உள்ளே காற்று ஏறும்போது அவை இழுத்துப் பிடித்து அதைப் பலகை போல ஆக்கும். பக்கக் குழாய்களுக்கு ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) போதும் என்றால் இந்தத் தளத்துக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வரை வேண்டும். சரியான எண் படகிலேயே எழுதியிருக்கும். படகின் நிறை 40 கிலோவை ஒட்டி நிற்கும், இரண்டு பேர் பைகளோடு தூக்கிவிடலாம். தளத்துக்கு அடியில் தனியாக ஊதும் அடிமுதுகு (நீளவாக்கில் ஓடும் கீல்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் படகு திரும்பும்போது வழுக்கிக்கொண்டு போகும். ட்ரெய்லர் இல்லாத குடும்பத்துக்கு என் சிபாரிசு காற்றுத் தளந்தான். கண்ணாடியிழை அல்லது அலுமினிய வயிறு கொண்ட ரிப் வகைப் படகுகள் ஓட்டத்துக்கு அருமையானவை. ஆனால் அவற்றைச் சுருட்ட முடியாது, கராஜ் வேண்டும்.

ரப்பர் படகு என்று நாங்கள் சொன்னாலும் இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை பிவிசி. 0.9 மில்லிமீற்றர் தடிப்பு நல்லது. மூட்டுகள் பசையால் ஒட்டியவையா, வெப்பத்தால் உருக்கி இணைத்தவையா என்று கேளுங்கள், இரண்டாவதுதான் நீண்ட காலம் நிற்கும். ஹைப்பலோன் என்ற பொருளால் செய்த படகுகள் வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், விலை மிக அதிகம். நீச்சல் தடாகச் சாமான்களோடு விற்கும் மெல்லிய படகுகளை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். எஞ்சின் மாட்டும் உறுதியான பின்பலகை அவற்றுக்குக் கிடையாது.

பழைய படகு வாங்குவதானால் காற்றடித்து ஒரு இரவு விட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். காலையில் கொஞ்சம் தளர்ந்திருப்பது இயல்பு, இரவுக் குளிருக்கே அழுத்தம் குறையும். ஒரு குழாய் மட்டும் மற்றதைவிட அதிகம் தளர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுங்கள். பின்பலகை குழாயோடு சேரும் இடத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது விலகியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

நான்காவது: எஞ்சின்

2.5 குதிரைவலு எஞ்சினின் நிறை 13 முதல் 18 கிலோ. ஒரு கையால் தூக்கலாம். நான்கு பேரோடு மணிக்கு 7 கிலோமீற்றர் அளவில் ஓடும். அமைதியான சிறிய ஏரிக்குப் போதும், ஆனால் எதிர்க்காற்று வந்தால் கரை நெருங்கவே நெருங்காது. பிள்ளைகளோடு போகும்போது திரும்பி வருவதற்குக் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும்.

4, 5, 6 குதிரைவலு: இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மேர்க்குரி, ரொஹற்சு போன்ற தயாரிப்புகளில் இந்த மூன்றும் அடிப்படையில் ஒரே எஞ்சின்தான். ஒரே சிலிண்டர், 123 சிசி, ஏறக்குறைய ஒரே நிறை, 26 கிலோ. ஆகவே 4 வாங்க நினைத்தால், படகின் தகடு அனுமதிக்குமானால், 6 வாங்குங்கள். தூக்குகிற பாரம் மாறாது. 6 குதிரைவலுவில் நான் தனியாக ஓடும்போது படகு தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கி ஓடும். குடும்பத்தோடு எழும்பாது, உழுதுகொண்டுதான் போகும். எங்களுக்கு அது போதும்.

குடும்பத்தோடும் எழும்பி ஓட வேண்டும் என்றால் 9.8 அல்லது 9.9 குதிரைவலு தேவை. நிறை 37 முதல் 44 கிலோ. 6 குதிரைவலுவை விட 11 முதல் 18 கிலோ அதிகம். அந்த வித்தியாசத்தைக் கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மாலையில் களைத்த பிறகு, ஈரமான கையோடு, வழுக்கும் சரிவில் நின்று தூக்குவதாக நினைத்துப் பாருங்கள். இரண்டு பெரியவர்கள் எப்போதும் கூட வருவார்கள் என்றால் 9.9 நல்ல தெரிவு.

எஞ்சின் வாங்குமுன் அதன் கால் நீளத்தைக் கவனியுங்கள். குட்டைக் கால் 15 அங்குலம், நீட்டுக் கால் 20 அங்குலம். சிறிய ரப்பர் படகுகளில் அநேகமானவற்றுக்குக் குட்டைக் கால்தான் பொருந்தும். பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புவரை அளந்துகொண்டு போங்கள். எஞ்சினை மாட்டிய பிறகு விசிறிக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே நின்றால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுழலும்.

பழைய எஞ்சினானால், நீங்கள் போகுமுன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் இழுத்துக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது பின்னால் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். அது இல்லையென்றால் குளிரூட்டும் பம்பு பழுது, அல்லது வழி அடைத்திருக்கிறது. கியர் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தொடர் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வாருங்கள்.

மின் எஞ்சின்கள் சத்தமில்லாதவை, புகையும் இல்லை. பெற்றோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லாத ஏரிகளுக்கு அவைதான் ஒரே வழி. 3 குதிரைவலுவுக்கு இணை என்று விற்கப்படும் 1 கிலோவாட் வகை, முழு வேகத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் நேரம் பல மடங்கு நீளும். இரண்டு கிலோமீற்றருக்குள் சுற்றிவரும் குடும்பத்துக்கு நல்லது. சிறிய துடுப்பு ஜோடி ஒன்று எப்போதும் கூட இருக்கட்டும்.

ஐந்தாவது: அட்டையும் இலக்கமும்

எஞ்சின் எவ்வளவு சிறியதானாலும், மின் எஞ்சினானாலும், ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். போட்டிங் லைசன்ஸ் என்று நாங்கள் சொல்வது ப்ளெஷர் கிராஃப்ட் ஒப்பரேற்றர் கார்ட் என்ற அட்டை. ட்ரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரித்த நிறுவனங்களில் இணையத்திலேயே படித்துப் பரீட்சை எழுதலாம். ஒருமுறை எடுத்தால் வாழ்நாள் முழுவதும் செல்லும். கணவன் மனைவி இருவரும் எடுங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தாலோ மயங்கினாலோ படகைத் திருப்ப இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்கு அனுமதி இலக்கம் பெற்று, அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் ஒட்ட வேண்டும். 9.9க்கு அது தேவையில்லை. 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றி ஓட்டினால் 10 குதிரைவலுவைத் தாண்டக்கூடாது. ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

ஆறாவது: உயிர்காப்பு அங்கியும் குளிர்ந்த தண்ணீரும்

சட்டம் கேட்பது ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி படகில் இருக்க வேண்டும் என்றுதான். நான் கேட்பது, கரையை விட்டுப் புறப்படுமுன் எல்லோரும் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று. படகுகளிலிருந்து விழுந்து மூழ்குகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கி அணியாதவர்கள். விழுந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்ட முடியாது. அப்பா போடாவிட்டால் பிள்ளை கழற்றிவிடும்.

கனடிய அங்கீகாரச் சீட்டு உள்ளதை வாங்குங்கள். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து வாங்க வேண்டும், அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கக்கூடாது. போட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். காதைத் தாண்டி மேலே வந்தால் பெரியது. சின்னப் பிள்ளைகளுக்குக் கவட்டுப் பட்டி, தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதி, பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி வேண்டும். தானாக ஊதும் மெல்லிய அங்கிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதிக்கப்பட்டவை அல்ல. பெண்கள் சால்வையை அங்கிக்குள் செருகிக் கட்டிக்கொள்ளட்டும். தொங்கும் துணி தண்ணீரில் விழுந்தால் விசிறி சுற்றி இழுத்துவிடும்.

மே மாதத்தில் வெயில் 25 பாகையாக இருந்தாலும் தண்ணீர் சில வாரங்களுக்கு முன்தான் பனிக்கட்டியாக இருந்தது. குளிர்நீர் பற்றி 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள். விழுந்தவுடன் மூச்சுத் திணறும், அதைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரால் நினைவு தவற ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்த மூன்று எண்களையும் கடப்பதற்குத் தலை தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும், அதற்குத்தான் அங்கி. நாங்கள் ஜூன் நடுப்பகுதிக்கு முன் பிள்ளைகளை ஏற்றுவதில்லை.

6 மீற்றருக்குள் உள்ள படகில் இவையும் இருக்க வேண்டும்: மிதக்கும் 15 மீற்றர் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி அல்லது கைப்பம்பு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம் (இரண்டும் கொண்டுபோங்கள்), தண்ணீர் புகாத ரோர்ச் அல்லது உதவி கேட்டுக் கொளுத்தும் மூன்று தீச்சுடர்கள் (ஃபிளேர்), விசில். இருட்டிய பிறகு ஓடினால் விளக்குகள். முதல் வருடம் சூரியன் மறையுமுன் கரையேறிவிடுங்கள்.

விழுந்தவர் திரும்ப ஏற ஏணி வேண்டும் என்று இவ்வளவு பதிந்த படகுக்குச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் ஈர உடுப்போடு அந்த வழுக்கும் குழாயில் ஏறுவது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை முயன்றால் தெரியும். ஒரு கயிற்றில் கால் வைக்கும் அளவுக்குச் சுருக்கு வளையம் போட்டு, பக்கத்தில் உள்ள வளையத்தில் கட்டிவிடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் ஏறிப் பழகுங்கள்.

ஏழாவது: ஒத்திகையும் முதல் நாளும்

முதலில் வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் விரித்துப் பூட்டுங்கள். குழாய்களை ஒவ்வொன்றாக முழுக்க ஊதாமல், எல்லாவற்றுக்கும் பாதிப் பாதி அடித்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். இல்லாவிட்டால் உள் தடுப்புத் துணி ஒரு பக்கம் இழுபடும். அழுத்தமானி உள்ள பம்பு அவசியம். கரையில் வெயிலில் கிடக்கும் படகின் அழுத்தம் ஏறும், கொஞ்சம் திறந்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தளரும், மறுபடி அடியுங்கள்.

பெற்றோலை வீட்டிலிருந்து வானுக்குள் பிள்ளைகளோடு வைத்துக் கொண்டுபோகாமல், ஏரிக்குப் பக்கத்தில் அளவாக வாங்குங்கள். தாங்கியைத் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். எதனோல் கலக்காத பெற்றோல் கிடைத்தால் சிறிய எஞ்சினுக்கு அதுதான் நல்லது.

முதல் ஓட்டம் காலையில், பிள்ளைகள் இல்லாமல், இரண்டு பெரியவர்களோடு. காற்றறிக்கை பாருங்கள். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் என்றால் வேறு நாள் போகலாம். கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று ஏமாற்றும். கரையோரம் அமைதியாகத் தெரியும், ஆனால் எஞ்சின் நின்றால் நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போகும். புறப்படுமுன் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் காலிலோ மணிக்கட்டிலோ மாட்டிய பிறகே இழுத்துக் கிளப்புங்கள். நீங்கள் விழுந்தால் எஞ்சினும் நிற்கும், படகு உங்களைச் சுற்றி வந்து மோதாது. கைபிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். ஓட்டுபவரும் எஞ்சினும் தாங்கியும் பின்னால் சேர்ந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், ஆகவே தாங்கியை முன்னால் தள்ளி, ஒருவரை முன் இருக்கையில் இருத்துங்கள். யாரும் குழாயின் மேல் இருந்துகொண்டு கால்களை வெளியே தொங்கவிடக்கூடாது. பிள்ளைகள் நீந்த இறங்குவதானால் கியரை மாற்றினால் போதாது, எஞ்சினை முழுதாக நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளோடு முதல் ஓட்டம் அரை மணித்தியாலம் போதும். இன்னும் போகலாம் என்று அவர்கள் கேட்கும்போதே திரும்பிவிடுங்கள், அடுத்த வாரம் அவர்களே பம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எட்டாவது: வீடு திரும்பிய பின்

ஒன்ராறியோவில் 2022 முதல், படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்புகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, ஒட்டியிருக்கும் பாசிகளையும் உயிரினங்களையும் நீக்க வேண்டும் என்பது சட்டம். வரிக்குதிரைச் சிப்பிகள் ஏரிக்கு ஏரி பரவியது இப்படித்தான். வீட்டில் நன்னீரால் கழுவி, நிழலில் முழுதாகக் காயவிட்டுச் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் பெரும்பாலும் 20 மணித்தியாலத்தில் வரும். படுக்க வைப்பதானால் கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். குளிர்காலத்துக்கு எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பெற்றோலை முழுவதும் எரித்துத் தீர்த்து, கியர் எண்ணெயை மாற்றி வையுங்கள். படகைக் கராஜ் தரையில் வைக்காமல் தட்டில் உயர்த்தி வையுங்கள். குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் எலிகளுக்குச் சுருட்டிய துணியின் மடிப்பு மிகவும் பிடிக்கும்.